புள்ளலூர் வாணமும் ஒரகடம் புல்லட்டும்

நம் மொழியில் ஆயுதம் என்ற சொல்லுக்கு விசாலமான மனசு. வாளும் வேலும் ஆயுதம். தச்சனுடைய உளியும் கொல்லனுடைய சம்மட்டியும் ஆயுதம். ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்குக்கூடச் சந்தனமும் குங்குமமும் கிடைக்கின்றன. தொழிற்சாலைகளில் லேத்துக்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைக்கிறார்கள். கொல்லும் கருவிக்கும் ஆக்கும் கருவிக்கும் நம் முன்னோர்கள் ஒரே பெயர் வைத்தது சொற்பஞ்சத்தினால் அல்ல. இரண்டும் ஒரே உலையில், ஒரே கைகளால் உருவானவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையைச் சுற்றியுள்ள பகுதியில் இந்த உண்மைக்குச் சாட்சி சொல்ல இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று ஒரகடம். ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே, ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே இருந்த இந்தச் சிறு ஊரின் பெயர் இன்று மோட்டார் உலகம் அறிந்த பெயராகிவிட்டது. மற்றொன்று புள்ளலூர். காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் இந்தக் கிராமத்தைச் சரித்திர மாணவர்களைத் தவிர வேறு யாரும் தேடிக்கொண்டு போவதில்லை. ஒரகடத்தில் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். புள்ளலூரில் யுத்தம் நடந்தது. ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாக இருக்க வேண்டும். யுத்தத்தை முதலில் முடித்துவிடலாம்.

புள்ளலூர் மண்ணுக்கு யுத்தம் புதிதல்ல. மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவர்களை அங்கே முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. அதற்கு ஏறக்குறைய ஆயிரத்து நூற்று ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1780-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், ஹைதர் அலி பெரும் சேனையுடன் மலைக் கணவாய்களைத் தாண்டிக் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். கும்பினியாரின் பிரதம தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் வந்து தங்கினார். வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி என்பவர் சுமார் மூவாயிரம் வீரர்களுடன் அவரைச் சேர வந்துகொண்டிருந்தார். இரண்டு படைகளும் ஒன்று சேர்ந்துவிட்டால் ஹைதருக்கு ஆபத்து. சேரவிடாமல் தடுக்கும் பொறுப்பை ஹைதர் தம் குமாரர் திப்புவிடம் ஒப்படைத்தார்.

செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கம் அருகே திப்பு பெய்லியை வழிமறித்தார். மன்றோ சுமார் ஆயிரம் பேரை உதவிக்கு அனுப்பினாரே தவிர, தாம் காஞ்சியை விட்டு நகரவில்லை. 10-ஆம் தேதி காலையில், பெய்லியின் படை புள்ளலூரை அடைந்தபோது, எதிரே ஹைதரின் முழுச் சேனையும் நின்றது. மன்றோவின் முகாம் பத்து மைல் தூரத்துக்குள் இருந்தது. அந்தப் பத்து மைலைக் கடக்கப் பெய்லிக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மைசூர்ப் பீரங்கிகள் முழங்கின. அவற்றோடு சீறிக்கொண்டு, வால் முளைத்த நெருப்பைப்போல, வாணங்கள் வந்தன. நடுவில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் பெருஞ்சத்தத்துடன் வெடித்துச் சிதறின. அவற்றில் பட்டது வாணமா, பீரங்கிக் குண்டா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் பலன் ஒன்றுதான். வெடிமருந்து போன பிறகு துப்பாக்கி வெறும் தடி. படையில் பெரும்பகுதி மாண்டது. பெய்லி சிறைப்பட்டார், இரண்டு வருஷங்களுக்குப் பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். செய்தி கேட்ட மன்றோ தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயருக்கு அப்படி ஓர் அடி விழுந்ததில்லை.

இந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் சித்திரமாக எழுதி வைத்தார். இன்றும் அதைக் காணலாம். வெடிக்கும் வண்டி இருக்கிறது. பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெய்லி இருக்கிறார். யானை, குதிரை, பிரெஞ்சுக்காரர், சிப்பாய் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் இல்லை. வாணத்தைச் செய்த கொல்லன்.

அவனுடைய வேலையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாணம் என்பது நம் நாட்டுக்குப் பழைய சரக்கு. மூங்கில் குழாயிலோ காகிதக் குழாயிலோ மருந்தை இட்டுப் பற்றவைத்தால் மேலே போகும். ஆனால் மருந்தை அதிகம் அழுத்தினால் குழாயே கிழிந்துவிடும். அழுத்தாவிட்டால் வேகம் இராது. மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டைச் சுருட்டி அடித்து ஒரு சாண் நீளமுள்ள குழாய் செய்தார்கள். இரும்புக்குள் மருந்தை நெருக்கிக் கெட்டிக்கலாம். நெருப்பின் அழுத்தம் முழுவதும் பின்னால் உள்ள சிறு துவாரத்தின் வழியாகவே வெளியேற வேண்டியிருந்ததால் வாணம் அரை மைலுக்கு மேலும் பாய்ந்தது. நேராகப் போவதற்காக அதை நீண்ட மூங்கில் கழியில் கட்டினார்கள். சில சமயம் வாள் அலகில் கட்டுவதும் உண்டு. உலகத்தில் வேறெந்தச் சேனையிடமும் அன்று இத்தனை வலிமையான வாணம் இல்லை.

குறி சரியாக விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் யானையும் குதிரையும் மிரளுவதற்குக் குறி எதற்கு? 1799-இல், பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லெஸ்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே சுல்தான்பேட்டைத் தோப்பில் இரவு நேரத்தில் இந்த வாணங்களிடம் அகப்பட்டுக்கொண்டு திண்டாடிப் பின்வாங்கினார்.

அதே வருஷம் மே 4-ஆம் தேதி கோட்டை விழுந்தது; திப்பு மாண்டார். வாணங்களும் வெற்றுக் குழாய்களும் கும்பினியார் கைக்குப் போயின. சில வாணங்கள் கப்பலேறி லண்டனுக்கு அருகில் உள்ள வூல்விச் ஆயுதசாலைக்குச் சென்றன.

கதையின் முக்கியமான திருப்பம் இங்கேதான். வூல்விச் சோதனைச்சாலையின் தலைவருக்கு வில்லியம் காங்கிரீவ் என்று ஒரு பிள்ளை. அந்த மனிதர் 1804-ஆம் வருஷ வாக்கில் வாண ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் மந்திரம் ஒன்றும் செய்துவிடவில்லை. குழாயின் எடை, மருந்தின் எடை, கழியின் நீளம் ஒவ்வொன்றையும் அளந்தார். விட்டுப் பார்த்தார்; போன தூரத்தைக் குறித்துக்கொண்டார். மறுபடி மாற்றினார், மறுபடி குறித்துக்கொண்டார். எடைவாரியாக வாணங்களைத் தரம் பிரித்தார். எல்லாவற்றையும் 1807-இல் புத்தகமாகவே எழுதி அச்சிட்டார். 1806-இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின்மீது அவருடைய வாணங்கள் விழுந்தன. மறு வருஷம் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தின்மீது, பெருங்குண்டுகளோடு சேர்ந்து விழுந்தன. வீடுகள் எரிந்தன, மாதா கோவிலின் கோபுரம் சரிந்தது. 1814-இல் அமெரிக்காவில் பால்டிமோர் கோட்டையின்மீது விழுந்தன. அதைப் பார்த்த ஒருவர் எழுதிய பாட்டு பிற்பாடு அந்த நாட்டின் தேசிய கீதமாகிவிட்டது. அந்தப் பாட்டில் வாணத்துக்கும் இடம் கிடைத்தது.

மைசூர் உலைகளில் எரிந்த நெருப்பு இப்படி மூன்று கண்டங்களைச் சுற்றி வந்தது. மைசூரில் என்ன ஆயிற்று? உலை அணைந்தது, வித்தையும் அணைந்தது. ஒரு கொல்லனுக்குத் தெரிந்ததை அவன் மகனுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தான். குழாய் இத்தனை கனம், மருந்து இத்தனை பதம் என்பதெல்லாம் விரலிலும் கண்ணிலும் இருந்த கணக்கு. ராஜாங்கம் போன அன்று அந்த விரல்களுக்கு வேலை போயிற்று. 2018-ஆம் வருஷத்தில், ஷிமோகா ஜில்லாவில் நகரம் என்னும் ஊரில், ஒரு பாழுங்கிணற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாணக் குழாய்கள் சேற்றோடு அகப்பட்டன. அவற்றைத் தட்டிச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட அகப்படவில்லை.

1963-இல் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, வரவேற்பு மண்டபத்தில் ஒரு சித்திரத்தைக் கண்டாராம். ஆங்கிலேயரோடு வாணம் விட்டுப் போரிடும் திப்புவின் வீரர்கள்! தன் ஊரில் மறந்துபோனதை அயல் நாட்டுச் சுவரில் பார்க்க நேர்ந்ததை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

கைத்திறனில் நம்மவர்கள் குறைந்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். கைத்திறனை மட்டும் நம்பினால் என்ன தொல்லை என்பது இங்கிலாந்துக்கும் அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

குத்துவிளக்கை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பழைய நாளில் கையால் மரை வெட்டிய இரண்டு விளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் உச்சியை மற்றொன்றின் தண்டில் திருகிப் பாருங்கள். சேராது. ஒவ்வொன்றும் தன் ஜோடிக்கென்றே ராவி எடுக்கப்பட்டது. விளக்கானால் பாதகமில்லை, வீட்டில் இரண்டு விளக்குதானே இருக்கிறது! ஐம்பதாயிரம் துப்பாக்கிகள் அப்படி இருந்தால்? போர்க்களத்தில் ஒன்றின் விசை ஒடிந்தால், பக்கத்தில் கிடக்கும் பத்து துப்பாக்கிகளிலிருந்தும் ஒரு விசையை எடுத்துப் பொருத்த முடியாது.

லண்டனுக்கு வடக்கே லீ நதிக்கரையில் என்ஃபீல்டு என்ற இடத்தில் ஆங்கில சர்க்கார் 1816-இல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையை ஏற்படுத்தியிருந்தார்கள். 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஓர் அமெரிக்கக் கம்பெனி சில துப்பாக்கிகளைக் கொண்டுவந்து வைத்தது. அவற்றில் எந்தத் துப்பாக்கியின் உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் பொருத்தலாம்! ஆங்கிலேயர்கள் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பிப் பார்த்து, அந்த யந்திரங்களை விலைக்கு வாங்கி, என்ஃபீல்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்று முதல் அங்கே ராஜாவாக அமர்ந்தது கேஜ் என்னும் சிறு இரும்புத் துண்டு. செய்த உறுப்பு கேஜுக்குள் நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்தால் சரி, இல்லையென்றால் கழிவு. கொல்லனின் கண்ணில் இருந்த கணக்கு இரும்பில் இறங்கிவிட்டது. இனி ஒருவர் செத்தாலும் கணக்கு சாகாது.

என்ஃபீல்டு என்ற பெயர் இந்திய மக்களுக்கு முதல் முதலில் எப்படி அறிமுகமாயிற்று என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1857-இல் சிப்பாய்களுக்கு வந்த புதிய துப்பாக்கி அதுதான். அதன் தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டும். தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு டம்டம்மில் கிளம்பி வட இந்தியாவையே பற்ற வைத்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கத் தெரிந்தவர்களுக்கு மனிதர்களுடைய மனத்தை அளக்கத் தெரியவில்லை.

துப்பாக்கிச் செய்வினையில் ஒரு சங்கடம் உண்டு. சண்டை வந்தால் வேலை மலை மலையாகக் குவியும். சமாதானம் வந்தால் யந்திரங்கள் தூங்கும். தூங்கும் யந்திரத்துக்கு என்ன வேலை கொடுப்பது? பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கிக்காரர்கள் 1861-இல் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, 1880-இல் சைக்கிள் பக்கம் திரும்பியது. அந்தக் கம்பெனிக்குப் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது பர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள் என்று பெயர். சுருக்கமாக பி.எஸ்.ஏ.! அம்பத்தூரில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிளை மிதித்துக் கல்லூரிக்குப் போன நம்மில் எத்தனை பேருக்கு ஒரு துப்பாக்கிக் கடையின் பெயரின்மேல் உட்கார்ந்து போகிறோம் என்று தெரியும்? மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாத்தி வைத்த படந்தான் அந்தக் கம்பெனியின் முத்திரை.

ரெடிச் என்ற ஊரில் இருந்தவர்கள் எதிர்த் திசையில் வந்தார்கள். அது தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். அங்கே ஊசி செய்த ஒரு தொழிற்சாலை சைக்கிளுக்கு மாறியது; பணக்கஷ்டத்தில் இருந்த அதை 1891-இல் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். 1893-இல் என்ஃபீல்டு துப்பாக்கிச்சாலைக்கு நுட்பமான உறுப்புகள் செய்துகொடுக்கும் குத்தகை அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் சூட்டி, பீரங்கிப் படம் போட்டு, துப்பாக்கியைப் போலச் செய்தது என்று விளம்பரமும் கொடுத்தார்கள். 1901-இல் அந்தச் சைக்கிளுக்கு மோட்டார் முளைத்தது. 1932-இல் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் புல்லட் என்று நாமகரணம் செய்தார்கள். ஊசி, துப்பாக்கி, சைக்கிள், மோட்டார் எல்லாம் ஒரே வம்சம். முப்பாட்டன் சொத்து ஒன்றே ஒன்று: இரும்பை அளந்து செய்யும் பழக்கம்.

இந்தியா விடுதலை பெற்ற பிறகு, எல்லைப்புறத்துக் கரடுமுரடான பாதைகளில் சுற்றி வர நம் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனி ரெடிச்சுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது. முதலில் உறுப்புகள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் கேஜுகளும் வந்தன. சில வருஷங்களில் எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள்.

திப்புவின் வாணத்துக்கு நேர்ந்ததை இப்போது திருப்பிப் பாருங்கள். 1799-இல் நம்முடைய பொருள் சீமைக்குப் போயிற்று, நம்மிடத்தில் மறைந்தது. 1955-இல் சீமையின் பொருள் நம்மிடம் வந்தது, சீமையில் மறைந்தது. ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் ஆங்கிலக் கம்பெனியே முடிந்தது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் அதற்கு அருகே வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. அளவு ஏட்டில் இருந்ததால் வித்தை கடல் கடந்தும் பிழைத்தது. அளவு விரலோடு இருந்த வித்தை கிணற்றில் கிடந்தது.

நேரான ஆயுதத் தொழிலும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நீலகிரியில் அருவங்காட்டில் 1903 முதல் கார்டைட் என்னும் புகை குறைந்த வெடிமருந்து செய்கிறார்கள். ஒரகடத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஆவடியில் 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 2021-இல் சர்க்காரின் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, கவச வண்டிகளைச் செய்யும் கம்பெனிக்கு ஆவடியே தலைமையிடமாயிற்று. 2019-ஆம் வருஷம் ஜனவரியில் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தளவாடத் தொழிலுக்கென்று சென்னை, ஓசூர், சேலம், கோயமுத்தூர், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். வல்லம் வடகாலில் ஆளில்லா விமானங்களைச் சோதிக்க ஒரு பொது மையமும் அந்த வழியில் வகுக்கப்பட்டது. புல்லட் செய்யும் இடத்துக்கு அடுத்த வீட்டில், வாணத்தின் பேரப்பிள்ளை வளரப் போகிறது.

சோதித்துப் பார்க்கும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சிதான். மைசூர் செய்யாத காரியம் அது. ஆனாலும் மனசின் மற்றொரு மூலையில் ஒரு வருத்தம் எழாமல் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் உடையவர் அவதரித்த தலம். கோபுரத்தின்மேல் ஏறி நின்று, யாருக்கும் சொல்லக்கூடாத மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னார் என்று நாம் கொண்டாடும் ராமானுஜர் பிறந்த மண். அதே மண்ணில் 1991-ஆம் வருஷம் மே 21-ஆம் தேதி இரவு, ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்த குண்டு வெடித்து ராஜீவ் காந்தியும் அவரோடு மேலும் பலரும் மாண்டார்கள். மாலை போட வந்தவர்கள், பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்தக் குண்டையும் யாரோ அளந்துதான் செய்தார்கள். மருந்து இவ்வளவு, அதைச் சுற்றி இரும்புச் சில் இவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். அளவுகோலுக்குப் பாவ புண்ணியம் தெரியாது. கோபன்ஹேகன் கோபுரத்தையும் அது சரிக்கும். குழந்தையின் சைக்கிளையும் அது செய்யும்.

புள்ளலூர் வயல்களின் நடுவே இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781-இல், அதே இடத்தில் நடந்த அடுத்த சண்டையில் இறந்த ஆங்கில அதிகாரிகளுக்காக நாட்டியவை. தோற்றவர்களுக்கும் வென்றவர்களுக்கும் தூணும் சித்திரமும் உண்டு. ஆயுதம் செய்தவனுக்கு இல்லை. ஆயுதம் விழுந்த வயலின் சொந்தக்காரனுக்கும் இல்லை. அந்த வருஷம் அவன் கதிர் அறுத்தானா என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

இனிமேல் இந்தப் பிரதேசத்தில் செய்யப்போகும் ஆயுதங்களுக்கு ஏடும் அளவும் சோதனையும் இருக்கும், சந்தேகமில்லை. அந்த ஏட்டில் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்தால் நல்லது. செய்தவன் யார் என்று ஒன்று. விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று மற்றொன்று. காங்கிரீவின் புத்தகத்தில் இவை இரண்டும் இல்லை.